துணிக்குள் வந்தவர்

நைஜீரியாவின் யொருபா ஊர் ஒன்றில், முன்னோர் திருவிழாவன்று, மூன்று மாதம் முன்பு இறந்த கணவன் தலைமுதல் கால்வரை அடுக்கடுக்கான துணிகளால் மூடிக்கொண்டு அபேக்கேயின் வாசலுக்கு ஆடி வந்தான். அந்தத் துணிக்குள் ஆடுபவரை இறந்தவராகவே நினைக்க வேண்டும்; உள்ளே இருப்பது யாரென்று தெரிந்தாலும் பெண்கள் சொல்லக் கூடாது. இழுத்து வைத்த இடது காலைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, கொழுந்தன் அலாபி.

மேளம் நின்றது.

“வீட்ல எல்லாரும் சாப்பிட்டீங்களா?” செத்தவர்களுக்கான கரகரத்த குரலில் துணி கேட்டது.

“சாப்பிட்டோம்ங்க.”

“என்னை அடக்கம் பண்ணப்ப என் தம்பி வந்தானா?”

அவன் வராதது ஊருக்கே தெரியும். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவளுக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

“வந்தாருங்க. மொதல் பிடி மண்ணு அவர்தான் போட்டாரு.”

மேளம் மறுபடி தொடங்கியது. துணி ஆடவில்லை.