அந்தச் சிவப்புப் புள்ளி

இன்றும் அந்த வயலில் புள்ளி இல்லை.

அவள் கணினித் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வாய்க்கால், பம்ப்செட், அதை ஒட்டி சர்வே எண் 112/2. ஒன்றுமில்லை.

குறுவை அறுப்பு முடிந்ததும் எந்தெந்த வயலில் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள் என்று செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடும். எரியும் இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி விழும். போன வருஷம் வரை வெறும் கணக்கெடுப்பு. இந்த வருஷம் முதல் வயல்காரருக்கு நோட்டீஸ் போகும்.

கையெழுத்துப் போடுவது அவள்.

புகையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருமித் தவிப்பதை நேரில் பார்த்தவள். வயலை எரிக்காதீர்கள் என்று அவள் பெயர் போட்ட துண்டறிக்கை ஊர் ஊராகப் போயிருக்கிறது. அப்படிப்பட்டவள், ஒரே ஒரு வயல் மட்டும் எரிய வேண்டும் என்று பத்து நாளாகக் காத்துக் கிடக்கிறாள்.

நல்ல அதிகாரிதான் போங்கள்!

112/2 அவள் அப்பாவின் வயல்.

பிடித்தவனைக் கட்டிக்கொண்ட அன்று, இனி என் வாசலை மிதிக்காதே என்றார். ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஒரு போன் இல்லை. நடுவில் நின்று பேச அம்மாவும் இல்லை.

இந்த வேலைக்கு வந்த நாலு வருஷமாக, புரட்டாசி முடிவதற்குள் அந்தப் புள்ளி தவறாமல் விழுந்துவிடும். அறுத்துவிட்டார். நடமாடுகிறார். தீ வைக்கிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறார். அன்றைக்கு அவளுக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கும்.

இந்த வருஷம் ஐப்பசியே பிறந்துவிட்டது.

மேகம் மறைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

நோட்டீஸுக்குப் பயந்திருப்பார் என்றும் சொல்லிக்கொண்டாள். அவராவது, பயப்படுவதாவது!

மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை மட்டும் நினைக்க மறுத்தாள்.

அப்பாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலையில் புள்ளி விழுந்தது.

அந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான்.

திரைமேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, நோட்டீஸ் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அப்பா என்றால் சட்டம் வேறா?

கோ. இளவெயினி.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் இனிஷியலை மாற்றவில்லை.

களப்பணியாளர் மதிவாணன் நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனான். சாப்பாட்டு வேளைக்கு அதே நோட்டீஸோடு திரும்பி வந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. வெயிலில் அலைந்த எரிச்சல் வேறு.

"கோதண்டபாணின்னு ஒரு பெரியவர் மேடம். வைக்கோல் பூராத்தையும் கட்டு கட்டி ஏத்தி அனுப்பிட்டாரு. ஒரு மூலையில மட்டும் போரா குவிச்சு, வேணும்னே கொளுத்தியிருக்காரு. நாம குடுத்த துண்டறிக்கைய சட்டைப் பையில மடிச்சு வச்சிருக்காரு, அப்புறம் எப்படித் தெரியாதும்பாரு? நோட்டீஸ நீட்டுனா, கையெழுத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. போட்டவங்கள வந்து குடுக்கச் சொல்லு, வாங்கிக்கிறேங்கிறாரு."

அவள் நோட்டீஸை வாங்கிக்கொண்டாள். வெளியே போகிறவர்கள் எழுதும் பதிவேட்டை இழுத்தாள்.

செல்லும் இடம் எழுதினாள்.

காரணம்: நோட்டீஸ் வழங்க.

திரும்பும் நேரம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

அதை அப்படியே விட்டுவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.