கயிற்றை அறுக்காதவர்கள்

தானமாக வரும் மரச்சாமான்களைப் பட்டாளத்து வீடுகளில் கொண்டுபோய் இறக்குவது சம்பளமில்லாத வேலைதான். ஆனால் ஞாயிறு விடிந்தால் லூர்துவுக்குக் கால் வீட்டில் தரிக்காது. இன்றைக்கு ஒரு பெரிய தேக்கு மேசை. கீறல் விழாமல் கம்பளி சுற்றி, கயிற்றால் இறுக்கி, குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து, டிரைவரோடு சேர்ந்து கூடத்தில் இறக்கியும்விட்டார். கம்பளியை விலக்கியதும் இந்த வீட்டுக்காரர்கள் முகம் எப்படி மலரப்போகிறது! அவசரமாகக் கத்தியை எடுத்தார்.

“ஐயோ, அறுக்காதீங்கண்ணே!” ஹவில்தாரின் மனைவி செண்பகவல்லி பாய்ந்து வந்து தடுத்தாள். “அடுத்த போஸ்டிங் வந்து ஊர் மாறும்போது இதே கயித்தாலதான் கட்டணும். நாங்க கயித்தை அறுக்கிறதே இல்ல.”

சுவரோரமாக, பெயரெழுதிய இரும்புப் பெட்டிகள். அந்த வீட்டில் சாப்பாடு, படிப்பு, படுக்கை எல்லாம் அவற்றின் மேல்தான். ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியிலும் ஒரு கயிற்றுச் சுருள்.

அவள் உட்கார்ந்து நகத்தாலும் பல்லாலும் முடிச்சுகளை அவிழ்த்தாள். லூர்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் மகள் மேகலைக்கு அதைவிட. கம்பளிக்குள் கையை விட்டுத் தடவியபடியே மேசையை இரண்டு தரம் சுற்றி வந்துவிட்டாள்.

“அம்மா, பூட்டு எங்கம்மா இருக்கு?”

“பூட்டா? இது மேசைடி.”

“சரி, எந்தப் பக்கம் திறக்கணும்?”

செண்பகவல்லியின் விரல்கள் முடிச்சிலேயே நின்றன. மகளைப் பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு லூர்துவிடம் கையை நீட்டினாள்.

“அண்ணே, அந்தக் கத்தியக் குடுங்க.”