ஜீப்பின் கூரை

மலைக்குப் புறப்பட்ட ஜீப்புக்கு ஓர் ஆன்டெனா வேண்டியிருந்தது. போன முறை மண் சரிந்து மாட்டிக்கொண்டபோது, அதன் வயர்லெஸ் குரல் அடிவாரத்து லாரிக்குக் கேட்கவே இல்லை.

நெட்டை ஆன்டெனா முந்திக்கொண்டது. "என் உயரத்தைப் பாருங்கண்ணே! பம்பர் மூலையில மாட்டுங்க. நீங்க சும்மா சுமந்தா போதும், பேசுறதை நான் பார்த்துக்கறேன்."

குட்டை ஆன்டெனா ஜீப்பின் கூரையைத் தொட்டுப் பார்த்தது. "தகரம்தானே அண்ணே? அப்போ நட்டநடுவுல உட்காரட்டுமா? நான் பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி உங்க கூரை; அடியில தகரம் விரிஞ்சிருந்தாத்தான் என் குரல் தூரம் போகும்."

"பாதி ஆளோடயா மலையேறப் போறீங்க?" என்று நெட்டை சிரித்தது.

ஜீப் யோசித்தது. வெயிலையும் மழையையும் தாங்குவதைத் தவிர, அதன் கூரையை வேறு எந்த வேலைக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. "ஏறி உட்காருப்பா," என்றது குட்டையிடம்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மறுபடியும் மண் சரிந்தது. முன்னும் பின்னும் வழியில்லை.

"லாரியண்ணே, கேக்குதா?"

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு லாரியின் குரல் வந்தது. "ஏன்டா கத்துற? பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்குது! மண்ணள்ளுற வண்டியைக் கூட்டிட்டு வர்றேன். ஆமா, புது ஆன்டெனாவா? எவ்வளவு பெருசு?"

ஜீப் மலையே அதிர ஹாரன் அடித்தது.

"என் கூரையையும் சேர்த்து அளக்கணும்ணே!"