ஊசிக்கு டாட்டா

கேக்கின் மேல் ரோஜா நிறத்தில் க்ரீமை அப்பியிருந்தார்கள். பார்த்ததுமே தையல்காரிக்குக் குமட்டியது.

கேமராக்கள் தயார். பெரிய டாக்டர் தன் கையாலேயே ஒரு துண்டு வெட்டி, கரண்டியில் எடுத்து அவள் வாயருகே நீட்டினார். முகத்தில் புது மாப்பிள்ளைக் களை.

"எத்தனை வருஷத்து ஆசை! நல்லா சாப்பிடுங்கம்மா."

யாருடைய ஆசை?

பள்ளிக்கூட வயதில் சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து இனிப்பு என்றால் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான். சர்க்கரை சட்டென்று இறங்கி, கண் இருட்டி விழும்போது அம்மா வாயில் திணிக்கும் சர்க்கரை. உயிர் போய்த் திரும்பும்போது நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் ருசி.

விழுங்கினாள். க்ரீம் எண்ணெயாய் வழுக்கிக்கொண்டு இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். சீ, என்ன ஜென்மங்கள் என்றிருந்தது. அதில் தானும் ஒருத்தி என்பதுதான் இன்னும் அருவருப்பு.

ஆஸ்பத்திரி மாட்டிவிட்ட வெள்ளைச் சட்டையில் 'ஊசிக்கு டாட்டா' என்று கொட்டை எழுத்து. அப்புறம் உன் தையல் கடை என்னாவது என்று கணவர்கூடக் கிண்டலடித்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

டாக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். ஸ்டெம் செல்லை ஆய்வுக்கூடத்தில் இன்சுலின் சுரக்கும் செல்லாக வளர்த்தார்களாம். இந்த அம்மாவின் கல்லீரலுக்குள் செலுத்தினார்களாம். அங்கே அது ஜோராகக் குடித்தனம் நடத்துகிறதாம். அவள் கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலையும்போது ஓர் இளம் தாய் மகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். சிறுமியின் விரல் நுனியெல்லாம் குத்திக் குத்திக் கறுத்திருந்தது. உங்களைப் பார்த்த பிறகுதான் தைரியம் வந்தது, நாளைக்கே இவளுக்கும் இந்தச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று தையல்காரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தாய் அழுதாள்.

கைப்பை நழுவி விழுந்தது.

சிறுமி சட்டையையே பார்த்தாள். வயிற்றருகே கடுகளவு ரத்தப் பொட்டு.

"ஆன்ட்டி, நீங்களும் துணி மேலயேவா குத்திப்பீங்க? நானும் ஸ்கூல்ல அவசரத்துக்கு அப்படித்தான்."

அந்தச் செல்கள் போன மாதமே படுத்துவிட்டன. நிகழ்ச்சிக்கு முன்னால் டாக்டர்தான் இன்சுலின் ஊசிப் பேனாவைக் கையில் திணித்து, இன்றைக்கு மட்டும் யார் கண்ணிலும் படாமல் என்று கழிவறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். மறுபடி செல் போடும்போது உங்களுக்குத்தான் முதல் இடம் என்று ஆசையும் காட்டினார். மூத்திர நாற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சட்டையைத் தூக்கக்கூடப் பொறுமையில்லாமல் குத்திக்கொண்டாள்.

மேடையிலிருந்து டாக்டர், சிரித்த முகம் மாறாமல், பையை எடுத்து மறைக்கும்படி சைகை செய்தார்.

குனிந்து பையை எடுத்தாள். வயிற்றை மறைக்கவில்லை. உள்ளேயிருந்த பேனாவை எடுத்து அந்தத் தாயின் உள்ளங்கையில் வைத்தாள்.

தாய் அழுகையை நிறுத்திவிட்டுப் பேனாவையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தையல்காரிக்குக் குமட்டல் நின்றிருந்தது.