எடுக்காத அளவு

சங்ஙனாச்சேரியில் ஒரு சிறிய மருத்துவமனையில் நர்சாக இருந்தாள் லிஸ்ஸம்மா. ஒரு மாலை நாலு மணிக்கு, சர்க்கரை நோயாளியான ஔசேப்பு சேட்டனுக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

“பயமா இருக்கு மோளே. எனக்காக ஜெபம் பண்ணு.”

அவர் தலையில் கைவைத்துக் கண்ணை மூடினாள். அவர் நடுங்க நடுங்க, பரிசுத்த ஆவி இறங்குகிறதென்று இன்னும் உருகி ஜெபித்தாள். கண்ணைத் திறந்தபோது அவருக்கு நினைவில்லை. ஐந்தரைக்கு இறந்துபோனார்.

“ஜெபம் பண்ணினியாமே. சுகர் பார்த்தியா?” என்றார் டாக்டர் சரோஜம்.

“பார்த்தேன் டாக்டர். நூத்திப்பத்து.”

வாய்கூசாமல் பொய் சொன்னாள். சோதனைக் கருவி பூட்டிய இழுப்பறையில் இருந்தது. சாவி அவள் இடுப்பில்.

டாக்டர் இழுப்பறையைத் திறக்கச் சொல்லிக் கருவியை வாங்கி, அதில் பதிவான கடைசி அளவை அழுத்திப் பார்த்தார். “மணி நாலு அஞ்சு. சுகர் முப்பத்தொண்ணு. இதைப் பார்த்துட்டா ஜெபம் பண்ணினே? ஜெபத்தை யாரு வேணாம்னா? முதல்ல கொஞ்சம் சர்க்கரையைக் கரைச்சுக் குடுத்திருக்கலாமே!”

“நான் அதைத் தொடவே இல்லை டாக்டர்.”

“மறுபடியும் பொய்யா?”

அவமானத்தில் லிஸ்ஸம்மாவின் தலை நிமிரவில்லை.

மறுநாள் நாலு அஞ்சுக்கு ஔசேப்பின் கட்டில் காலியாக இருந்தது. அவள் பூட்டைத் திறந்து கருவியை எடுத்தாள். திரையில் புதிதாக இன்னொரு முப்பத்தொன்று. செருகியிருந்த சோதனைப் பட்டையில் ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது.