இத்தெகிமஸ்

ஜப்பான்காரர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'இத்தெகிமஸ்' என்பார்கள். நம்ம 'போயிட்டு வரேன்'தான் கண்ணுகளா, அச்சு அசல். மிச்சிரு பாடுகிற ராக் குழுவின் பேர்போன பாட்டு அந்தச் சொல்லில்தான் முடியும். அதே குழுவில் டிரம்ஸ் வாசித்த அவள் புருஷன் தெத்சுவும் ஒரு காலையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மீன்பிடிக்கப் போனான். படகு மட்டும் கிடைத்தது. ஒன்பது வருஷமாகிறது.

இப்போது பழைய பாட்டுகளை ஆங்கிலத்தில் மறுபடி பதிவு செய்கிறார்கள். டிரம்ஸ் பழைய பதிவில் தெத்சு வாசித்ததேதான், குரல் மட்டும் புதுசு. மிச்சிருவிடம் கொடுத்த தாளில் கடைசிச் சொல் 'குட்பை' என்றிருந்தது.

"இதுல போறது மட்டும்தானே இருக்கு. வர்றது எங்கே?" என்று கேட்டாள்.

"இங்கிலீஷ்காரன் போனா போனதுதான் அண்ணி," என்றான் கிடார் வாசிக்கும் கொழுந்தன் ஷின்யா. அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தணித்துக்கொண்டு, "நாமளும் அண்ணனுக்கு என்னைக்காவது குட்பை சொல்லித்தானே ஆகணும்," என்றான்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பாட்டு ஓடிக் கடைசி வரிக்கு வந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத் தெத்சு நாலு தட்டு கையை நிறுத்தி இடம் விட்டிருந்தான். மிச்சிரு வாயைத் திறந்தாள், சொல்லவில்லை. நாலு தட்டு கழிந்ததும் அவனுடைய டிரம்ஸ் தவறாமல் திரும்பி வந்தது.

"சொல் விழலையேம்மா," என்றார் ஒலிப்பதிவாளர்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள் மிச்சிரு.

காலையிலிருந்து அது பதினேழாவது தடவை.