பம்பு செட்டுக்கு ஒரு ஹார்ன்

"பம்பு செட்டு இன்ஜினுக்கு ஹார்ன் எதுக்குங்க?" என்று கேட்டாள் அமிர்தம்.

மண்ணெண்ணெயில் நட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த தியாகராசன் தலையை நிமிர்த்தவே இல்லை. "வயல்ல மாடு பூந்தா விரட்ட வேணாமா? ஒரு அமுக்கு அமுக்கினா திருக்காட்டுப்பள்ளி தாண்டி ஓடும்."

"அதுவும் சரிதான்," என்று டீயை வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். மெக்கானிக் செல்லதுரை சிரிப்பை அடக்க முடியாமல் இன்ஜினுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் தியாகராசன் தன் டீசல் அம்பாசடரை, பெண்டாட்டியையும் மச்சான் பக்கிரிசாமியையும் ஏற்றிக்கொண்டு, நேராக வாய்க்காலுக்குள் இறக்கினார். குறுக்கே ஆடு வந்தது என்பது அவர் கட்சி. ஆடும் இல்லை, குட்டியும் இல்லை என்று பக்கிரிசாமி போகிற கல்யாணத்திலெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்.

தண்ணீர் புகுந்து இன்ஜின் இறுகிப் போனது. "இனிமே நீங்க ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன்," என்று அமிர்தம் அன்றைக்கே தீர்த்துச் சொல்லிவிட்டாள். கார், நெல் மூட்டைகளுக்கு நடுவே கொட்டகையில் நின்றுவிட்டது.

இப்போது வைகாசியில் வேதாரண்யத்தில் பக்கிரிசாமி வீட்டுக் கிரகப்பிரவேசம். அவன் வாசலில் அதே காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். தியாகராசனுக்கு வேறு ஆசையே இல்லை. பஸ்ஸில் போய் இறங்கினால், "என்ன மாமா, வழியில ஆடு நின்னுச்சா?" என்று பந்தியில் வைத்துக் கேட்பான். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் மாசி மாதமே பம்பு செட்டுக் கதையை அவிழ்த்துவிட்டார். "ஆத்துல தண்ணி எப்ப வருமோ, கரண்டையும் நம்ப முடியாது. குறுவைக்கு விடுற நாத்து காஞ்சா என்ன பண்றது? சும்மா கெடக்குற கார் இன்ஜினைச் சரி பண்ணி பம்புல மாட்டிடலாம் அமிர்தம்."

அமிர்தம் ஒரு நாள் யோசித்தாள். மறுநாள் மகளிர் குழுவில் கடன் வாங்கி இருபத்தையாயிரத்தைக் கையில் வைத்தாள். "இதுக்கு மேல ஒரு பைசா கேக்கக் கூடாது."

அந்தக் காசுக்குள் இன்ஜின் முழுவதையும் பிரித்துக் கட்ட வேண்டும். தஞ்சாவூரில் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் அலைந்து, உடைத்துப் போட்ட ஒரு டாக்சியிலிருந்து நாலு பிஸ்டனையும் பொறுக்கி எடுத்தார்கள். அந்த அளவுக்குப் பிளாக்கைக் கடைந்து, ரிங்கும் பேரிங்கும் மட்டும் புதிதாகப் போட்டார்கள்.

மிச்சம் பிடித்ததில் பழைய டைனமோவைக் கடாசிவிட்டு ஆல்டர்னேட்டரும் ஏற்றினார் தியாகராசன். "பம்புக்கு எதுக்குங்க இது?" என்றாள் அமிர்தம்.

"கொட்டகையில பல்பு எரியணும்ல?"

"ஆமால்ல," என்றாள். எதைச் சொன்னாலும் நம்பினாள்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அவளுக்குக் குழுக் கூட்டம். திரும்பி வந்ததும் இடது காலை நீட்டிப் போட்டுத் தைலம் தேய்ப்பாள். "தரையிலயே உக்கார வச்சிடுறாங்க. இந்தக் காலு மட்டும் விண்ணு விண்ணுன்னு வலிக்குது."

தியாகராசனுக்குப் பாவமாக இருந்தது. இப்படி ஒரு வெள்ளந்தியை ஏமாற்றுகிறோமே என்று ஒரு ராத்திரி உண்மையாகவே உறுத்தியது. மறுநாள் காலை ஹார்னைப் பொருத்தினார்.

கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்பு, அமிர்தம் கூட்டத்துக்குக் கிளம்பியதும், இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கிக் காருக்குள்ளேயே இறக்கினார்கள். சாவியைத் திருப்பியதும் கறுப்பாக நாலு முறை இருமிவிட்டுச் சீராக ஓட ஆரம்பித்தது. தியாகராசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டுப்புடவையோடு அமிர்தம் வாசலுக்கு வந்தபோது கார் உறுமிக்கொண்டு நின்றது. தியாகராசன் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பொய்யை எடுத்துவிட்டார். "புது ரிங்கு பாரு, பம்புல மாட்டுறதுக்கு முன்னால ரோட்டுல ஓட்டிப் பழக்கணுமாம். வேதாரண்யம் போயிட்டு வந்தா சரியா இருக்கும். உனக்குப் பயமா இருந்தா நீ பஸ்ஸுல வந்துரு அமிர்தம்."

"தெரியுங்க. ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் விரட்டக் கூடாது."

அமிர்தம் காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டை முன்னே இழுத்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து புத்தம் புது டிரைவிங் லைசென்ஸை எடுத்து டாஷ்போர்டில் இருந்த பிள்ளையார் சிலை மேல் சாய்த்து வைத்தாள். அதில் அவள் போட்டோ இருந்தது.

"அப்ப... செவ்வா, வெள்ளி கூட்டம்?"

அமிர்தம் ஹார்னை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தாள். பிறகு கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டாள்.

"அந்தப் பக்கம் ஏறுங்க, இப்பல்லாம் இடது கால் வலிக்கிறதே இல்ல."